தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

நம் தோட்டப் பாட்டாளி மக்களுக்குத் தண்ணீரைப் பற்றி மூன்று பாடங்கள் நன்றாகத் தெரியும். கலங்கல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கிணற்றடியில் அசுத்தம் செய்யக் கூடாது. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். லயத்து வாழ்க்கைக் காலத்தில் தோட்டத்து டிரசர்மார்கள் வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லி நம் தாய்மார்கள் கைப்பழக்கமாக்கிக் கொண்ட பாடங்கள் இவை. வாந்திபேதியும் டைபாய்டும் குறைய இவை பேருதவி செய்தன. இன்றைக்கும் இவற்றை மறக்கக் கூடாது.

ஆனால் நாலாவது பாடம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கலாம், வாடை இருக்காது, குடித்தால் இனிப்பாகக்கூட இருக்கும், கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியும் இருப்போம். அப்படிப்பட்ட தண்ணீரிலும் விஷம் இருக்கலாம். அந்த விஷத்தின் பெயர் ஆர்சனிக். தமிழில் பாஷாணம் என்று சொன்னால் பாட்டிமார்களுக்கு உடனே புரியும்.

ஈயம் தோண்டிய மண்ணில் குடியிருக்கும் நாம் இந்த நாலாவது பாடத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பாஷாணம் தண்ணீருக்குள் எப்படி வருகிறது?

யாரோ கொண்டுவந்து கொட்டினால்தான் கிணற்றில் விஷம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆர்சனிக் பூமியிலேயே இருக்கிற ஒரு பொருள். சில வகைப் பாறைகளில் இரும்போடும் கந்தகத்தோடும் சேர்ந்து கிடக்கும். பாறை பூமிக்குள் மூடிக் கிடக்கிற வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. அதைத் தோண்டி, உடைத்து, வெளியே கொட்டினால் காற்றும் மழையும் படுகிறது. இரும்பு துருப்பிடிப்பது போல அந்தக் கல்லும் மெள்ள மெள்ளக் கரைகிறது. கரைந்த ஆர்சனிக் மழைத் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்று ஊற்றில் கலக்கிறது.

இப்படி ஆர்சனிக்கைச் சுமந்திருக்கும் கல் பல இடங்களில் ஈயத்தோடு கூடவே கிடைக்கும். இங்கேதான் நம் கோப்பெங் வட்டாரத்துக்கு இதில் சம்பந்தம் வருகிறது.

கிந்தா பள்ளத்தாக்கின் மண்

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண். 1892 ஆம் ஆண்டில் கோப்பெங் ஈயச் சுரங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. மலையிலிருந்து பெரிய பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்து, அதன் வேகத்தாலேயே மண்ணை இடித்துக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். ஒரு பக்கம் ஈயம் தோண்டினார்கள்; மறு பக்கம் நம் மக்கள் பால்மரம் வெட்டினார்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவை விட்டுப் போன குட்டைகளும் மணல் மேடுகளும் இன்றும் ஈப்போவிலிருந்து கம்பார் வரைக்கும் சாலையின் இரு பக்கமும் கிடக்கின்றன.

அந்த மணல் மேடுகளில் இன்று காய்கறி விளைகிறது. குட்டைகளில் மீன் வளர்கிறது. தோட்டங்கள் துண்டுபட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு, லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல இந்த நிலத்தை ஒட்டிய கம்பங்களிலும் தாமான்களிலும் குடியேறியிருக்கின்றன.

நம் தோட்டங்களுக்கே உரிய இன்னொரு கதையும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் லாலான் புல்லை அழிக்கவும், மறுநடவுக்கு முன் பழைய ரப்பர் மரங்களைக் கொல்லவும் சோடியம் ஆர்சனைட் என்ற மருந்தைப் பயன்படுத்தினார்கள். பெயரிலேயே ஆர்சனிக் இருப்பதைக் கவனியுங்கள். மருந்து அடித்த புல்லை மேய்ந்து மாடுகள் செத்த கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த மருந்தைச் சுமந்ததும் அடித்ததும் நம் ஆண்களும் பெண்களும்தான். பிற்காலத்தில் வேறு மருந்துகள் வந்து அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் ஆர்சனிக் மற்ற சில மருந்துகளைப் போல மக்கி அழிந்து போவதில்லை. மண்ணில் விழுந்தது வெகுகாலம் மண்ணிலேயே தங்கும்.

இதைச் சொல்வதால் கோப்பெங் கிணறு எல்லாம் விஷம் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஒரு கிணற்றில் இருக்கும். ஐம்பது அடி தள்ளி இருக்கும் கிணற்றில் இல்லாமலும் போகும். எந்தக் கிணறு எப்படி என்பதைச் சோதித்தால்தான் தெரியும்.

அண்டை நாட்டில் நடந்தது

ஈயம் தோண்டிய மண்ணில் சோதிக்காமல் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். நமக்கு வடக்கே, தாய்லாந்தின் தென்பகுதியில், நக்கோன் சி தாமராட் மாநிலத்தில் ரோன் பிபுன் என்ற ஊர் இருக்கிறது. அதுவும் கோப்பெங் போலவே ஈய ஊர். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அங்கே ஈயம் தோண்டினார்கள். கழிவு மண்ணை அங்கங்கே குவித்தார்கள். அதன் அருகிலேயே கிணறு வெட்டிக் குடித்தார்கள்.

1987 ஆம் ஆண்டில் அந்த ஊர்க்காரர் ஒருவருக்குத் தோலில் வந்த நோயைச் சோதித்த மருத்துவர்கள் அது ஆர்சனிக்கால் வந்தது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ஊரைச் சோதித்தபோது சுமார் 1,000 பேருக்கு அந்த நோயின் அடையாளம் இருந்தது. கிணறுகளையும் சோதித்தார்கள். ஆழமில்லாத சில கிணறுகளில் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருந்தது. இது இன்றைய அளவுகோலைப் போல 500 மடங்கு!

பள்ளிப் பிள்ளைகளையும் ஆராய்ந்தார்கள். தலைமுடியில் ஆர்சனிக் அதிகம் இருந்த பிள்ளைகளின் அறிவுத் திறன் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைந்திருந்தது. ஆகவே இது வயதானவர்களின் தோல் வியாதி மட்டும் அல்ல. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளையின் படிப்பையும் தொடுகிற விஷயம்.

நல்லது செய்யப் போய் வந்த வினை

இன்னொரு பெரிய உதாரணம் வங்காளம். அங்கே ஈயச் சுரங்கம் இல்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டல் மண்ணிலேயே ஆர்சனிக் இருந்தது. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் பேதியால் சாகிறார்களே என்று, 1970களிலிருந்து வங்காளதேசத்துக் கிராமங்களில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைப் போட்டார்கள். நோக்கம் நல்ல நோக்கம். குழாய்த் தண்ணீரில் கிருமி இல்லைதான். ஆனால் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், 1983 இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டாக்டர் கே. சி. சாஹா, தோல் நோயோடு வந்த மேற்கு வங்கக் கிராமத்து மக்களைப் பார்த்து இது கிணற்றுத் தண்ணீரில் வந்த ஆர்சனிக் நோய் என்று சொன்னார். வங்காளதேசத்துக் கிணறுகளில் 1993 இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். கெட்ட கிணற்றின் வாய்க்குச் சிவப்புச் சாயம், நல்ல கிணற்றுக்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். சிவப்பு அடிக்கப்பட்டவை சுமார் 14 லட்சம்.

இந்தச் சாய வேலையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்புப் புரியும். பக்கத்துப் பச்சைக் கிணறு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தால் குடிக்க மட்டும் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். பெரிய செலவு இல்லாமல் பல உயிர்களைக் காப்பாற்றிய வழி இது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

உலகச் சுகாதார நிறுவனம் 1993 இல் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.01 மில்லிகிராம் என்று அளவு வைத்தது. மலேசியாவிலும் குடிநீருக்கு இதே அளவுதான். இது எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு தேக்கரண்டிப் பொடியை, 200 லிட்டர் பிடிக்கிற 2,500 பீப்பாய்த் தண்ணீரில் கரைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. எந்த நாக்குக்கும் இது தெரியாது. எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

கிணற்று ஆர்சனிக் ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. அதுதான் அதன் சூழ்ச்சி. பொதுவாக ஐந்து, பத்து ஆண்டுகள் குடித்த பிறகுதான் வெளியே காட்டும். சிலருக்கு அதற்கும் மேலாகும்.

முதலில் தோல். நெஞ்சிலும் முதுகிலும் கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் விழும். புழுதித் தரையில் மழைத்துளி விழுந்தது போல இருக்கும். அடுத்து உள்ளங்கையும் உள்ளங்காலும். சிறு சிறு பருக்கைகள் போலத் தடித்து, கையால் தடவினால் மணல் போல நெருடும். நாளாக ஆகக் கால் ஆணி போல இறுகும், வெடிக்கும்.

இந்த இடத்தில் நம் தொழிலாளர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பால் வெட்டுகிறவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் கை காய்த்துப் போவது சகஜம். "காலமெல்லாம் உழைச்ச கை, காய்ச்சுத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோம். வித்தியாசம் இதுதான். உழைப்புக் காய்ப்பு கத்தியும் கம்பும் உராய்கிற இடத்தில் இருக்கும். வேலையை விட்டால் நாளடைவில் மறையும். ஆர்சனிக் காய்ப்பு இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு உள்ளங்காலிலும், எதுவும் உராயாத நடு இடத்திலும்கூட, தனித்தனி முளைகளாக வரும். வேலையை விட்டாலும் அது போகாது. அதோடு உடம்பில் புள்ளிகளும் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். முடிவு சொல்வது டாக்டர்தான். நாமாகவே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம்.

தோலோடு இது நிற்பதில்லை. கை கால் மரத்துப் போகும். இரத்தக் குழாய்கள் கெடும். தைவானின் தென்மேற்குக் கரையில் இப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பாதம் கருத்து அழுகி, காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. கருங்கால் நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நெஞ்சு நோயும் நீரிழிவும் வர வாய்ப்பு அதிகமாகிறது. எல்லாவற்றிலும் கொடியது புற்றுநோய். தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகிய மூன்றிலும் ஆர்சனிக் தண்ணீரால் புற்றுநோய் வருகிறது என்பது உறுதியான விஷயம். சிகரெட், சுருட்டு பிடிக்கிறவர்களுக்கு நுரையீரல் ஆபத்து இன்னும் கூடுகிறது.

தண்ணீரை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா நகரத்தில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த தண்ணீரைக் குடித்தார்கள். 1970 இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது, தண்ணீர் நல்லதாயிற்று. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே புற்றுநோய் மரணங்கள் அதிகமாகவே இருந்தன. ஆகவே இன்று நாம் பார்க்கிற கிணறு இன்றைக்காக மட்டும் அல்ல; இன்று தவழ்கிற குழந்தையின் நாற்பதாவது வயதுக்காகவும்தான்.

இது தொத்து வியாதி அல்ல

இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கலாம். வங்காளத்துக் கிராமங்களில் இந்தப் புள்ளிகளைக் குஷ்டம் என்று நினைத்து மக்கள் ஒதுக்கினார்கள். பெண்களுக்குக் கல்யாணம் தடைப்பட்டது. கட்டிய புருஷனே மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிய கொடுமையும் நடந்தது. ஆர்சனிக் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொத்தாது. கூட உட்கார்ந்து சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால், அவர்கள் ஒரே கிணற்றில் குடிக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"காய்ச்சினா விஷம் போயிடாதா?"

போகாது. கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது, அது உயிருள்ள பொருள் அல்ல. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத் தண்ணீரில் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் துணியில் வடிகட்டினாலும் பயன் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுக் காய்ச்சுவதை நிறுத்திவிடாதீர்கள்! கிருமிக்குக் காய்ச்சத்தான் வேண்டும்.

"கடையில விக்கிற பில்டர் போதுமா?"

எல்லா பில்டரும் ஆர்சனிக்கை எடுக்காது. கரி மட்டும் உள்ள சாதாரண பில்டரை நம்ப முடியாது. ஆர்சனிக்கை எடுக்கிற வகை பில்டர்கள் இருக்கின்றன. ஆனால் விற்கிறவர் சொல்வதை மட்டும் நம்பாமல், வடித்த தண்ணீரையும் சோதிக்க வேண்டும்.

"அந்தத் தண்ணியில குளிக்கலாமா, துணி துவைக்கலாமா?"

செய்யலாம். தோல் வழியாக மிகமிகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். குடிப்பதும் சமைப்பதும்தான் ஆபத்து. சோறு வடிக்கும்போது அரிசி அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழந்தைக்குப் பால் மாவு கலக்கும் தண்ணீர் எல்லாவற்றையும்விட முக்கியம்.

"மருந்து மாத்திரை உண்டா?"

பல ஆண்டுகளாகக் குடித்தவருக்கு அதை ஒரேயடியாக வெளியேற்றும் மருந்து என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கெட்ட தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் மருந்து. முட்டை, மீன், பருப்பு, கீரை என்று சத்தாகச் சாப்பிடுவது இரண்டாவது. சத்துக் குறைந்த உடம்பை ஆர்சனிக் சீக்கிரம் பிடிக்கும் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மூன்றாவது, டாக்டர் சொல்கிற தவணையில் தோலைக் காட்டிக்கொள்வது. தோல் புற்றுநோயை ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் அகற்றிவிடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். குழாய் நின்றுபோன நாட்களில், சோதிக்காத கிணற்றிலோ ஈயக் குட்டையிலோ மொண்டு குடிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளைக்காவது மூடி போட்ட பாத்திரங்களில் தண்ணீர் பிடித்து வையுங்கள். திறந்து வைத்தால் கொசு முட்டையிடும். டெங்கியை விலைக்கு வாங்கியது போலாகும்.

2. கிணற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலோ மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ சொல்லித் தண்ணீரைச் சோதிக்கக் கேளுங்கள். கிருமிச் சோதனையில் ஆர்சனிக் தெரியாது. "ஆர்சனிக் பார்க்க வேண்டும்" என்று தனியாகக் கேட்க வேண்டும். இந்த வேலையைச் சரியாகச் செய்ய இரசாயன இலாகா போன்ற சோதனைக் கூடங்கள் இருக்கின்றன.

3. பழைய ஈய மேட்டை ஒட்டியோ, மருந்துக் கொட்டகை இருந்த இடத்தருகிலோ புதிதாகக் கிணறு வெட்ட வேண்டாம்.

4. முதலாளி கொடுத்த வீட்டில் இருக்கிற தொழிலாளர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1990 ஆம் ஆண்டின் 446 ஆவது சட்டப்படி, தோட்டத்து வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது நிர்வாகத்தின் கடமை. "கிணறு இருக்கே, போதாதா?" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிற தொழிலாளர்களுக்கும் இதே உரிமை உண்டு. அவர்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாஷை தெரியாததால் அவர்கள் வாய் திறக்காமல் இருக்கலாம்.

5. கிளைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யார் வீட்டில் கிணறு, யார் அதைக் குடிக்கிறார்கள், எந்தக் கிணறு ஈய நிலத்துக்குப் பக்கம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். தனி ஆள் கேட்டால் ஒரு கிணற்றைச் சோதிப்பார்கள். கிளை பட்டியலோடு போய்க் கேட்டால் வட்டாரத்தையே சோதிக்க வழி பிறக்கும். கெட்டது என்று தெரிந்த கிணற்றுக்கு வங்காளத்தில் செய்தது போலச் சிவப்புச் சாயம் அடித்துவிடுங்கள். ஒரு டின் சாயத்துக்கு என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது?

முன்பு நம் மக்கள் தலையில் குடம் சுமந்து கிணற்றடியில் வரிசை நின்றார்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. சோதிக்க வழியும் இல்லை. இன்று நமக்கு வழி இருக்கிறது, கேட்க உரிமையும் இருக்கிறது. ஒரு போத்தல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கச் சோம்பல்பட்டு, பிள்ளைகள் உடம்பில் அதன் பலனைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரமே உங்கள் கிணற்றைப் பற்றிக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.